படிவத்தில் இல்லாத ஆச்சி

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். அப்பா ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா? தென்காசியில் சாரல் விழுகிறதா?

இந்தக் கம்பெனியின் துக்க விடுப்புப் படிவத்தில் பாட்டிக்குக் கட்டம் கிடையாது. "அம்மா தவறிட்டான்னு எழுதுலே, யாரு பாக்கப்போறா" என்றார் அறையிலிருக்கும் கடையநல்லூர் மைதீன் அண்ணன். எழுதிவிட்டேன். மன்னியுங்கள். மூன்று நாள் கிடைத்தது. அதற்குள் ஆச்சியை எடுத்துவிட்டீர்கள். அறையில் படுத்திருக்கிறேன். அழுகை வரவில்லை.

மேலாளர் வந்து, அம்மா எப்படிப்பட்டவர் என்று கேட்டார். ஆச்சியின் எண்பத்தெட்டு வயதில் முப்பதைக் குறைத்துக்கொண்டு, மற்றதெல்லாம் உள்ளபடி சொன்னேன். மழையில் நாற்று நட்டது, என்னை வரப்பில் உட்காரவைத்துக் கஞ்சி ஊட்டியது.

ஆச்சியின் சேலை ஒன்று, இங்கே விமானம் ஏறுகிற யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். இங்கே ஏசி குளிர்கிறது.

வேலை நேரத்தில் மட்டும் கூப்பிடாதீர்கள். போனில் 'அம்மா' என்று வரும்.

உங்கள் மகன்,
பேச்சிமுத்து