அத்தான், உம் ரோஜாவை வெட்டிவிட்டேன்

என் பிரியத்துக்குரிய அத்தானுக்கு,

கோபப்படாமல் கேளும். உம் பன்னீர் ரோஜாவை வெட்டிவிட்டேன். ஒரு கிளை, இரண்டு கிளை இல்லை. முழங்கால் உயரத்துக்கு மொட்டையாக வெட்டினேன். "ஏலே லாசரு!" என்று அங்கே நீர் எழுந்து நிற்பது இங்கே எனக்குத் தெரிகிறது. உட்காரும். முழுதாகச் சொல்கிறேன்.

நம் கோயில் இதழில் இதைப் போடுகிறார்களாம். மூன்றாம் வகுப்போடு நின்றவன் எழுத்து, தப்பு இருந்தால் சிரித்துவிட்டுப் போம். நீர் உயிரோடு இருந்தபோது நான் உம்மைப் பார்த்துச் சிரிக்காத நாள் உண்டா? அடிக்கடலில் சுறாவுக்குப் பயப்படாத மனுஷன், ரோஜாத் தொட்டியில் மாவுப்பூச்சியைப் பார்த்துவிட்டால் சோறு இறங்காமல் உட்கார்ந்திருப்பீர். "குளியாளுக்குப் பூச்சி பிடிச்சிட்டு, இன்னைக்குக் கடலுக்கு வரமாட்டாரு" என்று தெரு முழுக்கச் சொல்லித் திரிந்தேன். நீரும் சிரித்தீர்.

படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். முத்துக்குளிப்பானாலும் சங்குக்குளிப்பானாலும் கடலில் மூழ்கி எடுக்கிற குளியாளின் கயிற்றைப் பெண்டாட்டியின் உடன்பிறந்தவன் கையில்தான் கொடுப்பார்கள். கூடப் பிறந்தவள் தாலி அறுக்க எவன் சம்மதிப்பான்? அப்படித்தான் அத்தானின் கயிறு என் கைக்கு வந்தது. கீழே அவர் ஒரு சுண்டு சுண்டினால் மேலே நான் இழுக்க வேண்டும். கயிறு பிடிக்கிறவன் தோணியில் கத்தியைத் தொடக்கூடாது என்பது எங்கள் தோணியின் சட்டம். என் கை இழுக்கிற கை. அறுக்கிற கை இல்லை.

கடலில் ஒரு தடவைகூட உம்மை விடவில்லை அத்தான். ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டிலில், நெஞ்சு முழுக்கச் சளி கட்டிக்கொண்டு பேச்சு நின்ற அன்றைக்கு, என் விரலைப் பிடித்து மெதுவாக ஒரு சுண்டு சுண்டினீரே. எங்கே இழுப்பேன்? எந்தப் பக்கம் இழுப்பேன்? இப்போதும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

நீர் போன பிறகு அக்கா ஒன்றே ஒன்றுதான் என்னிடம் சொன்னாள். "ஏலே, அவுக செடிய மட்டும் பாத்துக்க." அவ்வளவுதான். சிரித்துச் சமாளித்தேன்.

தண்ணீர் ஊற்ற என்ன பயம்? நம் வீட்டு வளவுக் கிணற்றின் உப்புத் தண்ணீர் ஆகாது என்று தெரியும். தெருக்குழாயில் வரிசையில் நின்று நல்ல தண்ணீர் பிடித்து வந்து ஊற்றினேன். குடிக்கத்தான் பிடிக்கிறேன் என்று பெண்கள் நினைத்துக்கொண்டார்கள். தேரிக்காட்டுச் செம்மண் ஒரு சாக்கு கொண்டுவந்து போட்டேன். ஆனால் வருஷா வருஷம் நீர் வெட்டுவீரே, அதை மட்டும் செய்யவில்லை. உம் கை தொட்டு வளர்ந்த கிளை. அதில் நான் எப்படிக் கத்தி வைப்பேன்?

வெட்டாமல் விட்டால் என்ன ஆகும்? கிளைகள் கொடிபோல நீண்டன, சரிந்தன. எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். பழைய தோணிக் கயிற்றைப் பிரித்து ஒவ்வொரு கிளையையும் இழுத்து வேலியோடு கட்டினேன். நல்ல முடிச்சு, புயலடித்தாலும் அவிழாது. அக்கா பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"ஏலே, இது ரோசாச்செடியா, நங்கூரம் போட்ட தோணியா?"

"விழுந்திராம இருக்கணும்லா அக்கா."

"விழல. பூக்கவும் இல்லியே."

உண்மைதான். ஒரு மொட்டுகூட இல்லை. அப்புறம் நுனிகளிலிருந்து கறுப்பு இறங்க ஆரம்பித்தது. நேற்றுப் பச்சையாக இருந்த இடம் இன்றைக்குக் கரி. அது அடித்தண்டைத் தொட்டால் செடி போய்விடும் என்று நீர் முன்பே சொல்லியிருக்கிறீர். பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆஸ்பத்திரியில் உம் கட்டிலின் பக்கத்தில் நின்ற மாதிரியே நின்றேன்.

ஆவணி முடிகிற நேரம். ஒரு காலையில் அக்கா உம்முடைய சிப்பி பிளக்கிற கத்தியைத் தீட்டிக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"கல்லறைத் திருநாளுக்கு அவுக செடியிலயிருந்து ஒரு பூ வேணும் எனக்கு. கடைப்பூ வேண்டாம். வெட்டு."

"நான் கத்தி தொடக்கூடாது அக்கா. சட்டம்."

"தோணி எங்க இருக்குலே இங்கன? குளியாளு எங்க இருக்காரு?"

அவள் குரல் உடைந்துவிட்டது. கத்தியை எடுத்தேன்.

முதலில் முடிச்சுகளை அவிழ்த்தேன். நீர் சொன்னதை நினைத்துக்கொண்டேன்: வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்கு மேலே, சாய்த்து, ஒரே வெட்டு. கத்தியை வைத்தபோது கிளையின் முள் என் சட்டைக் கையில் மாட்டி ஒரு சுண்டு சுண்டியது அத்தான். அதே சுண்டு. என் உடம்பு தானாகப் பின்னால் சாய்ந்து இழுக்கப் போனது. கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நின்றேன். பிறகு முள்ளை மெல்ல எடுத்துவிட்டு வெட்டினேன்.

உள்ளே பச்சை இருந்தது. வெட்டின இடம் ஈரமாகப் பச்சையாக இருந்தது. அதைப் பார்த்த பிறகு கை நிற்கவில்லை. கறுப்பு முழுவதையும் எடுத்தேன். அக்கா ஒவ்வொரு வெட்டுவாயிலும் சாணி அப்பிக்கொண்டே வந்தாள். முடித்தபோது தொட்டியில் குச்சிகள்தான் நின்றன. "கொன்னுட்டியோ?" என்றாள். "நீ சொல்லித்தான கொன்னேன்" என்றேன். ரொம்ப நாளைக்கு அப்புறம் இரண்டு பேரும் சிரித்தோம். அழுகையும் அதிலேயே இருந்தது.

நான் இப்போது புதுத் துறைமுகத்தில் கப்பலுக்குக் கயிறு கட்டுகிற வேலையில் இருக்கிறேன். உம் கயிறு என் சுண்டுவிரல் தடிமன். இந்தக் கயிறு என் தொடைத் தடிமன். ஆனால் மறுமுனையில் யாரும் சுண்டுவதில்லை. வேலை முடிந்து வந்ததும் குச்சிகளைத்தான் போய்ப் பார்ப்பேன். ஒரு சாயங்காலம் கணுவில் மிளகு அளவில் ஒரு சிவப்பு. தொட்டுப் பார்க்கக்கூடப் பயந்து, அக்காவைக் கூப்பிட்டேன்.

கல்லறைத் திருநாளன்று மூன்று பூ பூத்திருந்தது. எல்லோரும் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அக்கா பூக்களை உம் சிலுவையடியில் வைத்துவிட்டு, "இவன் வெட்டுனான்" என்று உம்மிடம் சொன்னாள். கேட்டதா? காற்றில் மெழுகுவர்த்திகள் அணைந்துகொண்டே இருந்தன. பூ வாசம் மட்டும் போகவில்லை.

வெட்டிப்போட்ட கிளைகளில் பச்சையாக இருந்ததை நான் எறியவில்லை. செம்மண்ணில் ஊன்றி வைத்தேன். ஒன்று துளிர்த்துவிட்டது. அது வேர் பிடித்ததும் உம் தலைமாட்டில் கொண்டுவந்து நடுவேன். வருஷா வருஷம் ஆவணியில் உம் கத்தியோடு வருவேன். அதைக் கட்டிவைக்க மாட்டேன் அத்தான். வெட்ட வேண்டிய இடத்தில் வெட்டுவேன். பூச்சி பிடித்தால் மட்டும் நீர் ஒரு சுண்டு சுண்டும், ஓடி வருகிறேன்.

உம் கயிற்றை இன்னும் கையில் வைத்திருக்கும்,
உம் மச்சினன் லாசர்