சாண் பாடத்தை நீக்கியது நான்தான்

என் அன்பு வசந்தி அக்கா,

இதை உன்னோடு வேலை பார்த்த டீச்சர்களும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். அவர்களுக்கும் தெரிய வேண்டிய விஷயம்.

நீங்கள் ஆறு பேர் எழுதிய மூன்றாம் வகுப்புப் புத்தகம், ஓவியமும் கணக்கும் ஒன்றாக வருகிற அந்தப் புத்தகம், ஜூனில் வகுப்புக்கு வந்துவிட்டது. அட்டை நீ கேட்ட மஞ்சள்தான். உன் சாண் பாடம் மட்டும் அதில் இல்லை.

பிள்ளைகள் பெஞ்சைத் தங்கள் சாணால் அளக்க வேண்டும், பிறகு அவரவர் கையை வரைந்து வண்ணம் தீட்டிச் சுவரில் ஒட்டிப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். ஷிப்ட் இல்லாத நேரத்தில் கம்ப்யூட்டரில் பக்கம் அமைத்துக்கொடுக்க வந்த நான் படித்ததுமே எரிந்து விழுந்தேன்.

"முப்பது பேருக்கு முப்பது விடை வரும். எங்க கம்பெனில இப்படி அளந்தா அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

"வரட்டும்டா. நம்ம எல்லைப் பக்கத்துப் பிள்ளைங்கதானே, தெலுங்குல ஒருத்தன், கன்னடத்துல ஒருத்தி, நல்லா சண்ட போடட்டும். அப்பத்தான் ஸ்கேல் எதுக்குன்னு அதுங்களே கேக்கும். நாளைக்கே கிளாசுக்கு வந்து பாரேன்."

நான் வரவில்லை. ஷிப்ட் இருக்கிறது என்றேன். அன்று எனக்கு வார விடுமுறை.

பாடத்தை நீக்கிவிட்டுப் பக்க ஓரத்தில், பிள்ளைகள் அளந்து பார்க்க நிஜ அளவில் ஒரு ஸ்கேல் படம் வைத்தேன். உன்னிடம், பரிசீலனைக் குழு வேண்டாம் என்றுவிட்டது என்றேன். குழுவிடம், அக்காவே விலக்கிக்கொண்டாள் என்றேன். "அவ்ளோ மோசமாவாடா இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டாய். நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டே மாதத்தில் அந்தக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. அதை நினைத்துக்கொண்டேதான் போனாயா?

போன வாரம் உத்தனப்பள்ளிப் பக்கம் நீ வேலை பார்த்த பள்ளிக்கு, உன் இடத்துக்கு வந்த டீச்சர் என்னைக் கூப்பிட்டார். புத்தகத்து ஸ்கேலில் ஏதோ கோளாறாம். வகுப்புக்கே போய்ப் பார்த்தேன். தாளுக்குள் அடங்கட்டும் என்று பக்கத்தைச் சுருக்கியபோது ஸ்கேலும் சுருங்கிவிட்டது. தொழிற்சாலையில் அளந்து பார்ப்பதே என் வேலை. அச்சான பிரதியை நான் அளந்து பார்க்கவே இல்லை.

ஒரு சிறுமி தன் ஸ்கேலை அதன் மேல் வைத்துக் காட்டினாள். "சார், உங்களுது குட்டி."

பக்கத்தில் இருந்தவள் இரண்டையும் நம்பாமல் கையை விரித்துப் பெஞ்சை அளந்தாள். "எனக்குப் பதினொண்ணு."

"ஏய், எனக்குப் பத்துதான். நீ கள்ளாட்டம் ஆடுற."

"லேது, லேது" என்று தெலுங்கில் மறுத்துக்கொண்டே பின்னாலிருந்து ஒருவன் வந்து விழுந்தான். அப்புறம் வகுப்பு முழுவதும் அந்தப் பெஞ்சைச் சுற்றி மூன்று மொழியில் சண்டை.

டீச்சர் சிரித்தார். "இதையே ஒரு பாடமா வெச்சிருக்கலாமே சார். யாருக்கும் தோணலையா?"

எங்கள் அக்காவுக்குத் தோன்றியது என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அதைக்கூடச் சொல்லாமல் பைக்கை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வருகிற வெள்ளிக்கிழமை புத்தகத் திருத்தக் கூட்டம். ஸ்கேலைச் சரிசெய்வது அரை மணி நேர வேலை. அதைப் பற்றி அவர்கள் கேட்கும் முன்பே, குழு மறுக்கவில்லை, அக்கா விலக்கிக்கொள்ளவில்லை, நான்தான் நீக்கினேன் என்று சொல்வேன். நீ கையால் எழுதிய தாள்கள் என்னிடம் இருக்கின்றன. ஒரு சொல் மாற்றாமல் கொடுப்பேன். அதன்பிறகு இந்தப் பக்கம் அமைக்கும் வேலையில் என்னை வைத்துக்கொள்வார்களா, தெரியாது. வைத்துக்கொள்ளாவிட்டாலும் உன் பெயரோடு அந்தப் பாடம் உள்ளே போகும்வரை நான் அந்த அறையை விட்டு எழுந்திருக்க மாட்டேன்.

உன்னிடம் பொய் சொன்ன தம்பி,
சேகர்