எல்லாம் நலம் என்ற பதில்

அன்புள்ள அம்மா,

உன் முட்டிவலி தேவலையா? அப்பா மாத்திரையை மறக்காமல் போடுகிறாரா?

இங்கே ஒரு கூத்து. நாங்கள் புதிதாகக் கட்டும் நெட்வொர்க்கில் வேண்டிய சேவையின் பெயரைச் சொன்னால் போதும், அதைத் தரும் கம்ப்யூட்டர் எதுவோ அது பதில் சொல்லும். கம்ப்யூட்டர்களின் நிலையைப் பார்த்துச் சொல்லும் சேவையின் பெயரில், சோதனைக்காக, எதையும் பார்க்காமலே "எல்லாம் நலம்" என்று சொல்லும் போலி ஒன்றை வைத்திருந்தேன். எடுக்க மறந்துவிட்டேன். நேற்று நெட்வொர்க்கைப் பார்க்க வந்த விருந்தினர் முன்னால் நிலையைக் கேட்டபோது, அந்தப் போலியே பதில் சொல்லி, திரையில் "எல்லாம் நலம்" என்று வந்தது. எங்கள் மேலாளர் ஒரு கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தார்.

"இது செத்துக் கிடக்கே, யாருப்பா நலம்னு சொன்னது?"

கூனிக் குறுகிப் போனேன்.

போனில் பேசும்போது மிக்சியை நிறுத்தாதே. அந்த வீட்டுச் சத்தமும் எனக்குக் கேட்கட்டும்.

வேலைக்கு நேரமாகிறது. என் பழைய கடிதங்களிலும் "நான் நலம்" என்றே இருக்கும். அவற்றை நம்பாதே, அம்மா.

உன் சின்னவன்