சாப்பாட்டு நேரச் சட்டம்

ஜூலை 8
பள்ளியிலிருந்து திரும்பியதும் தலை கிறுகிறுத்தது. மகள் ஆங்கிலத்தில் மறுபடியும் கோட்டை விட்டிருக்கிறாள். வீட்டில் எட்டூருக்குக் கேட்கப் பேசுகிறவள், வாய்மொழித் தேர்வில் ஊமையாய் நின்றாளாம். அடுத்த மாத மறுதேர்விலும் தேறாவிட்டால் பழைய வகுப்பிலேயே இன்னொரு வருடம். வீட்டுச் சூழல் சரியில்லை என்கிறார் டீச்சர். நான் தையல்காரி, என் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். ஆங்கிலச் சூழலுக்கு நான் எங்கே போவேன்?

ஜூலை 9
சட்டம் போட்டுவிட்டேன். இரவுச் சாப்பாட்டில் ஆங்கிலம் மட்டும்தான்.

ஜூலை 10
அவருக்குத் தெரிந்தது "டிக்கெட் ப்ளீஸ்". தண்ணீர் வேண்டுமென்றாலும் அதுதான், இன்னொரு கரண்டி சோறு வேண்டுமென்றாலும் அதுதான்.

ஜூலை 15
ஐந்தே நிமிடத்தில் சாப்பாடு முடிந்துவிடுகிறது. தட்டுச் சத்தம் மட்டும். பள்ளியில் என்ன நடந்தது என்றுகூட மகள் சொல்வதில்லை. பிள்ளையார் பிடிக்கப்போய்... நானே அவ வாய்க்குப் பூட்டுப் போட்டுட்டேனா? பயமா இருக்கு.

ஜூலை 17
இன்று அவர் பொறுக்கமாட்டாமல் தமிழில் ஆரம்பித்துவிட்டார். பஸ்ஸில் ஒரு பெரியவர், கூண்டில் கிளி. அது அச்சு அசலாக இவரைப்போலவே விசிலடிக்க, டிரைவர் நடுரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டாராம். மகளுக்குச் சிரிப்பில் புரையேறியது. பிறகு தானாகவே எழுந்தாள்.

"இருங்க, இதை நான் இங்கிலீஷ்ல சொல்றேன்."

கிளிக்கு ஆங்கில வார்த்தை அவளுக்குத் தெரிந்தது, கூண்டுக்குத் தெரியவில்லை. விரல்களால் கம்பி கட்டிக் காட்டினாள். எங்களுக்குப் பாதி புரியவில்லை என்றதும் அவளுக்கு வந்த உற்சாகத்தைப் பார்க்க வேண்டுமே! வேறு விதமாய் மறுபடி முதலிலிருந்து சொன்னாள். தட்டில் சோறு காய்ந்துபோனது.

ஜூலை 18
சட்டம் ரத்து.

ஜூலை 29
தினமும் ஒரு கதை. நாங்கள் தமிழில் சொல்ல, அவள் ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்கிறாள். இன்று என் முறை. இடுப்பளவைக் குறைத்துச் சொல்லிக் கவுன் தைத்துக்கொண்ட ஒரு அம்மா, அதைப் போட்டதும் மூச்சுவிடப் பயந்து நின்ற கதை. அந்த அம்மா அவளுடைய டீச்சர்தான் என்பதை மட்டும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 14
தேர்வு நாள். காலையிலிருந்து ஒரு தையல்கூட நேராக விழவில்லை.

மாலையில் செருப்பைக்கூடக் கழற்றாமல் "பாஸ்" என்றாள். அவளைக் கட்டிக்கொண்டேன். எனக்கு ஒரே சந்தோஷம். தேர்வு நடத்த வந்தவர் கடைசியாக ஒரு கேள்வி கேட்டாராம், வீட்டில் யார் ஆங்கிலம் பேசுவார்கள் என்று.

"நீ என்ன சொன்ன?"

"யாருமில்ல, ஆனா எல்லாரும் உக்காந்து கேப்பாங்கன்னேன்."

யாருமில்லை என்று சொன்னதில் எங்கள் "டிக்கெட் ப்ளீஸ்" கண்டக்டருக்குத்தான் கொஞ்சம் வருத்தம்.