செவலையின் காலில் மஞ்சள் துணி

எருமப்பட்டி
18.08.2024

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மாளுக்குச் சின்னண்ணன் வணக்கம்.

இங்கு எல்லோரும் நலம். சம்பந்தி லாரியோடு வடக்கே போயிருப்பதாக அறிந்தேன், நல்லபடியாகத் திரும்பட்டும். போனில் பேசினால் உங்கள் பெண் பக்கத்திலேயே நிற்பாள். ஆகவே கடிதம்.

உங்கள் மாப்பிள்ளை மோகன்குமார் நாமக்கல்லில் சொந்தமாக லாரி பாடி கட்டும் பட்டறை போட்டதற்காக முனியப்பனுக்கு ஒரு சேவல் நேர்ந்திருந்தேன். வைகாசியில் பொரித்த குஞ்சுகளில் ஒரு செவலையைத் தேர்ந்தெடுத்தேன். என்ன துணிச்சல் அதற்கு! காக்கையைத் துரத்தும். நாயின் மூக்கிலேயே கொத்தும். சேவலுக்கு வேறென்ன அடையாளம் வேண்டும்? பங்காளிகளைக் கூட்டி வைத்து அதன் காலில் மஞ்சள் துணி கட்டினேன். காபித் தட்டோடு வந்த உங்கள் பெண், "மாமா, அது பொட்டைக்கோழிங்க. அந்த மூலையில பதுங்கி நிக்குதே கருப்பு, அதுதானுங்க சேவல்" என்றாள். சபையே சிரித்தது.

உங்கள் பெண் கெட்டவள் இல்லை. ஆனால் பெரியவர்கள் நடுவில் வாயைக் கட்டத் தெரியவில்லை. கொஞ்ச நாள் அங்கே அழைத்துப் போய்ப் புத்தி சொல்லி வையுங்கள்.

இப்படிக்கு,
சின்னண்ணன்

ஜேடர்பாளையம்
25.08.2024

அண்ணா அவர்களுக்குக் கண்ணாத்தாள் வணக்கம்.

கடிதத்தைப் படித்துவிட்டு, அடுப்பில் பால் பொங்கியதுகூடத் தெரியாமல் நின்றேன். கல்யாணமாகி ஐந்தே மாதத்தில் பெண்ணை அழைத்துக்கொள்ளச் சொன்னால் எந்தத் தாய்தான் தாங்குவாள்?

சபையில் சொன்னது தப்பு. தனியாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்ன விஷயம்? துணிச்சலை வைத்தா சேவல் என்று முடிவு செய்வது? எங்கள் பெட்டை ஒன்று பாம்பையே மறித்து நின்றிருக்கிறது. செவலையைக் கையில் எடுத்து, முதுகில் வால் தொடங்கும் இடத்து இறகைப் பாருங்கள். சேவலுக்கு நுனி கூராக இறங்கும், பெட்டைக்கு உருண்டிருக்கும். அகல்யா பாவாடை சட்டை போட்ட வயதிலிருந்தே பார்த்துச் சொல்வாள். தப்பியதில்லை.

செவலை கூவட்டும். நானே பஸ் ஏறி வந்து, உங்கள் பங்காளிகள் முன்னால் மன்னிப்புக் கேட்டு அவளை அழைத்து வருகிறேன். முட்டை வைத்தால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எழுதுங்கள்.

தங்கை,
கண்ணாத்தாள்

எருமப்பட்டி
20.10.2024

சம்பந்தியம்மாளுக்கு,

இங்கே நல்ல மழை. சோளம் இடுப்புக்கு மேல் நிற்கிறது.

செவலை இன்னும் கூவவில்லை. சில சேவல்கள் நிதானமாகத்தான் கூவும். கருப்பு மட்டும் விடியலில் தொண்டையைச் செருமுவதுபோல் ஏதோ சத்தம் போடுகிறது; அதைக் கூவல் என்று சொல்ல முடியாது. இறகையும் பார்த்தேன். என் கண்ணாடி பழையது.

உங்கள் பெண் இப்போது வாயே திறப்பதில்லை. எதற்கும் "சரிங்க மாமா" என்கிறாள். நான் கேட்டது அதுதான். ஆனாலும் வீடு என்னவோபோல் இருக்கிறது. அழைத்துப் போவதைத் தை மாத முனியப்பன் பண்டிகை முடிந்து பேசலாம்.

சின்னண்ணன்

ஜேடர்பாளையம்
27.10.2024

அண்ணா,

என்னிடமும் போனில் "நல்லாத்தான் இருக்கறனுங்மா" என்பதற்கு மேல் பேசுவதில்லை. ஓயாமல் பேசுகிற பெண், அதனால்தான் பயமாக இருக்கிறது. எப்போது கூப்பிட்டாலும் வந்து அழைத்துக்கொள்கிறேன். ஆனால் தலைகுனிந்து வரமாட்டேன்.

கண்ணாடியை மாற்றுங்கள்.

கண்ணாத்தாள்

எருமப்பட்டி
20.01.2025

அன்புத் தங்கச்சி கண்ணாத்தாளுக்கு அண்ணன் எழுதுவது.

நேற்று முனியப்பன் பண்டிகை. பங்காளிகள் எல்லோரும் வந்துவிட்டார்கள். செவலையைப் பிடிக்கப் போனால், கட்டிலில் மடித்து வைத்திருந்த என் துண்டின் மேல், மஞ்சள் துணிக் காலோடு உட்கார்ந்திருந்தது. தூக்கினேன். கீழே ஒரு முட்டை, இளஞ்சூடாக.

அகல்யா ஒரு வார்த்தை சொல்லவில்லை. சிரிக்கவும் இல்லை. கேலியாகச் சிரித்திருந்தால்கூட என் மனம் ஆறியிருக்கும். பேசாமலே இருக்க அந்தப் பெண்ணைப் பழக்கியது நான்தானே என்று சுருக்கென்றது. முட்டையைக் கையில் தூக்கி, "எல்லாரும் பாத்துக்குங்க! குஞ்சா இருக்கையிலயே எங்க பொண்ணு சொன்னா. எனக்குத்தான் கண்ணு தெரியல" என்றேன். அதன் பிறகுதான் சிரித்தாள். "கருப்பைப் புடிச்சுட்டு வா சாமி" என்று அவளிடமே சொன்னேன். அது சுவரில் ஏறி ஊர் கேட்கக் கூவிக்கொண்டிருந்தது. நேர்த்தி நல்லபடியாக முடிந்தது.

இன்று காலையிலிருந்து தெருவே கூடையில் குஞ்சுகளைக் கொண்டுவந்து எங்கள் பெண்ணிடம் காட்டுகிறது. நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "எங்க பொண்ணு சொன்னாத் தப்பாதுங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். தைப்பூசத்துக்கு அவளை அனுப்ப இயலாது, கோபித்துக்கொள்ள வேண்டாம். நான் ஆவணியில் எழுதியதைக் கிழித்துப் போட்டுவிடு அம்மிணி.

அண்ணன்,
சின்னண்ணன்

ஜேடர்பாளையம்
27.01.2025

அண்ணா,

படித்துவிட்டு அழுதேன். பெருமையில்தான். லாரியிலிருந்து இறங்கி வந்த மனுஷன் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டார். பக்கத்து வீட்டிலும் போய்ப் படித்துக் காட்டினேன், தப்பாக நினைக்காதீர்கள். பழைய கடிதம் அடுப்புக்குப் போய்விட்டது.

தைப்பூசத்துக்கு அவள் வராதது குறைதான். மாசியில் எல்லோருமாக வாருங்கள். இளஞ்சேவல் அடித்து விருந்து வைக்கிறேன். கூடையில் இரண்டு நிற்கின்றன. எது சேவல் என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது. உங்கள் பெண்ணை வந்து பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

தங்கை,
கண்ணாத்தாள்