மெஷினுக்கு மேலே ஓர் அட்டை

நிஷ்
புதன் இரவு

அன்பு நெவேனா,

நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், பெர்கன் மழையில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். இன்று மத்தியானம் முதலாளி ரதோவான் எங்கள் எல்லோரையும் லைன் முன்னால் நிறுத்தி, மெஷினுக்கு மேலே அட்டையை ஒட்டியது யார் என்று கேட்டார். எனக்குத் தெரியும், சொல்லவில்லை. சாயங்காலம் நீ கூப்பிட்டு வேலை எப்படிப் போகிறது என்று கேட்டாய், அப்போதும் சொல்லவில்லை. அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், விஷயமோ அவருடைய அக்காவைப் பற்றியது. அம்மாவும் மகளும் என்றாலும் நமக்குள் பத்தொன்பது வயதுதான் வித்தியாசம், உனக்கு எழுதாமல் இதை யாருக்கு எழுதுவேன்.

வசந்தத்திலிருந்து நான் மாரடித்துக்கொண்டிருக்கும் லைன் உனக்குத் தெரியும். ஒரு முனையில் வெறும் மின்சுற்று போர்டு மேல் துளைத்தகடு வழியாக ஈயப்பசையை அச்சடிக்கிறோம், நடுவில் ஒரு மெஷின் கடுகைவிடச் சின்ன உதிரிகளைப் பொறுக்கிப் பசைமேல் வைக்கிறது, மறுமுனையில் அடுப்பு பசையை உருக்கி எல்லாவற்றையும் பிடிக்கவைக்கிறது. எழுதும்போது எவ்வளவு சுலபமாக இருக்கிறது பார். லிஃப்டுகளுக்குப் போகும் போர்டு இது, அதை வாங்கும் ஸ்லோவேனியாக்காரர்கள் சோதித்து ஒப்புக்கொண்டால்தான் லைன் இங்கே நிற்கும். இரண்டு சோதனையில் தோற்றுவிட்டோம். மூன்றாவதும் போனால் மெஷின்களைக் கழற்றி மாசிடோனியக் கிளைக்கு ஏற்றிவிடுவார்கள், நாங்கள் எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். அந்த மூன்றாவது சோதனை நாளைக்கு.

காலையில் அடிக்கும் போர்டுகள் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல வரும். மத்தியானம் ஆனதும் பசை தளர்ந்து பரவி, உதிரிகளின் பக்கத்துப் பக்கத்துக் கால்களை ஒன்றாக ஒட்டிவிடும். தகட்டைக் கழுவினேன், பசை டப்பாவை மாற்றினேன், அடுப்பின் சூட்டைத் திரும்பத் திரும்ப அளந்தேன். மெஷின் சரிபார்க்க வந்தவன், "உங்க பசையப் பாருங்க மேடம், சும்மா என் மெஷினக் கொற சொல்லாதீங்க" என்றான். பசை விற்றவனைக் கூப்பிட்டால், "பசை தங்கம் மாதிரி இருக்கு, மெஷினப் பாருங்க" என்கிறான். அறைச் சூடும் சரியாகத்தான் இருந்தது, ஏனென்றால் வெப்பமானி மறுகோடியில் ஏசிக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. ராத்திரி புத்தகத்தை எடுத்தால் ஒரே பக்கத்தையே வாசித்துக்கொண்டிருப்பேன், கண்முன்னே ஒட்டிப்போன கால்கள்தான்.

இன்று காலை அச்சு மெஷின் பக்கத்தில் குனிந்து நின்றபோது முதுகில் வியர்வை வழிந்தது. அங்கே ஏன் வியர்க்க வேண்டும், நேர் மேலேதானே குளிர்காற்று வரும் துவாரம் என்று நிமிர்ந்து பார்த்தேன். குளிர்காற்று பசைக்கு எட்டாதபடி துவாரத்தை முழுதாக மூடி ஓர் அட்டை. அதுவும் அடுப்புச் சூட்டைத் தாங்கும் விலைகூடிய மஞ்சள் நாடாவால், ஒரு சுருக்கம் இல்லாமல். அவ்வளவு சுத்தமாக ஒட்டுகிற கை அச்சு மெஷினில் நிற்கும் உன் அத்தை தெசான்காவுடையதுதான். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "உனக்கென்னடி, நீ அங்கயும் இங்கயும் நடந்துக்கிட்டே இருக்கே. நான் பொழுதன்னிக்கும் அந்த ஓட்டைக்குக் கீழ நிக்கிறேன். குறுக்குக் காத்து அடிச்சு மூஞ்சி கோணிப் போனா உன் மெஷினா வந்து நிமித்தும்?" என்றாள்.

ரதோவான் விசாரித்ததைக் கேள். வந்ததும் வராததுமாக, "மொதல்ல அந்தக் கதவச் சாத்துங்கப்பா, காத்து குறுக்க அடிக்குது" என்றார், இந்த வெயிலில் கோட்டைக் கழற்றாமல். அப்புறம்தான் அட்டையை ஒட்டியது யார் என்று கேட்டார். பின்னாலிருந்து ஒருவன், "அதுக்கும் குளிர் தாங்கல மொதலாளி, தானா போயி போத்திக்கிச்சு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. அத்தைக்கு இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை, பெயரைச் சொன்னால் அன்றோடு சரி. அதைவிட, என்னத்தைச் சொல்வேன்? காற்று யாரையும் எதுவும் செய்யாது என்றா? பஸ்ஸில் எவர் ஜன்னலைத் திறந்தாலும் எழுந்து போய்ச் சாத்துகிறவள் நான். இத்தனை வாசித்தும் தலைதான் தெளிந்திருக்கிறது, கழுத்து இன்னும் நம்பிக்கொண்டுதான் இருக்கிறது.

நானே ஏணி போட்டு அதைக் கிழித்தேன். காற்றை ஓரமாகத் திருப்பிவிட ஒரு தகரம் அடித்துத் தாருங்கள் என்று பராமரிப்புக்காரரைக் கேட்டால், அடுத்த வாரம் பார்க்கலாம் என்கிறார், சோதனையை அதுவரை தள்ளிப்போடலாம் என்பதுபோல. அத்தையோ, "கழுத்து பிடிச்சா உன் புருஷனுக்கு நீயே பதில் சொல்லிக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனாள். எல்லோரும் என்மேல்தான் கோபமாக இருக்கிறார்கள், ஈயப்பசை உட்பட.

மற்றபடி அப்பா ஆப்ரிகாட் ஜாம் காய்ச்சுகிறேன் என்று அடிப்பிடிக்கவைத்து, அந்தப் பாத்திரத்தையும் எனக்கென்று வைத்திருக்கிறார். நீ நேரத்துக்குச் சாப்பிடு, படிப்புக்காகத் தூக்கத்தை விற்காதே. நினைத்த இடத்துக்குப் போய்ச் சேர், கடவுள் துணையிருப்பார். முக்கியமாக, தலை ஈரத்தோடு திறந்த ஜன்னல் பக்கம் உட்காராதே. சிரிக்காதே, சொன்னதைக் கேள்.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா ஒலிவேரா

பி.கு. வெள்ளி. தபாலில் சேர்க்கப் பிந்திவிட்டது. நேற்று சாயங்காலம்வரை போர்டுகள் சுத்தமாக வந்தன, ஸ்லோவேனியாக்காரர்கள் கையெழுத்துப் போட்டார்கள், லைன் இங்கேயே நிற்கிறது. தெசான்கா அத்தை கழுத்தில் பிளம் சாராயம் நனைத்த துணியைச் சுற்றிக்கொண்டு படுத்திருக்கிறாள். இன்று முழுக்க அவள் இடத்தில், அந்தத் துவாரத்துக்குக் கீழே, நான் நின்றேன். எனக்குக் கழுத்தை இடப்பக்கம் திருப்ப முடியவில்லை.