நம்ம கம்பெனி கவர்

செவ்வாய், இரவு

நான் சேர்த்த பழைய நாணயங்களில் பாதி கெட்டுவிட்டன. திருடன் யாரும் வரவில்லை. நானே கெடுத்தேன்.

பேங்கிலேயே லாக்கரிலிருந்து எடுத்துவைத்த பெட்டியை, இன்சூரன்ஸுக்கு மதிப்புப் போட வந்தவர் திறந்தார். கையில் எடுத்த வெள்ளி ரூபாயில் பிசுபிசுவென்று பச்சை.

“இது எந்தக் கவருங்ண்ணா?”

“நம்ம கம்பெனி கவருதாங்க. நம்பர் ஒன் பிளாஸ்டிக்.”

“நட்டு போல்ட்டுக்கு நம்பர் ஒன்னுதான். காசை இதுல போட்டா பிளாஸ்டிக்ல இருக்கற கெமிக்கலு அரிச்சிடும்ண்ணா.”

ஓசூர் முழுக்கக் கவர் விற்றவன் நான். கையில் இருக்கும்போது வெளியே எதற்கு வாங்குவது என்று இருந்துவிட்டேன்.

வீட்டில் என் மனைவி மல்லிகா கேட்டாள்: “இத்தன வருசத்துல ஒரு தடவ தொறந்து பாத்திருக்கக் கூடாதா?”

எனக்குப் பிறகு அவளுக்கு என்று இருப்பது இது ஒன்றுதான். போன வாரம் டாக்டர் சொன்னதை அவளிடம் எப்படிச் சொல்வேன்?

அரித்துப்போனதற்கு இன்சூரன்ஸ் கிடையாதாம். பெட்டி மொத்தத்துக்கும் பதினெட்டு லட்சம் எதிர்பார்த்தேன். மதிப்புப் போட வந்தவரிடம் கெஞ்சியும் பார்த்தேன். கடைசியில் ஒத்துக்கொண்டது இதுதான்: பச்சை பிடிக்காத நாணயங்களுக்கு மட்டும், தீக்கும் திருட்டுக்கும் சேர்த்து ஆறு லட்சம். வருடத்துக்கு நாலாயிரம் பிரீமியம். லாக்கருக்குள் என் கவர் ஒன்றுகூட இருக்கக் கூடாது.